எவர்சில்வர் தகட்டில் தண்ணீர் ஒட்டாமல் செய்ய: ஃபைபர் லேசர் வழிமுறை

உலோகத்தின் மேல் பெயின்டோ டெஃப்லானோ பூசாமல், லேசரால் அதன் மேற்பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்களை உருவாக்கியே தண்ணீரை உருண்டோட வைக்க முடியும். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுன்லெய் குவோவும் அனடோலி வோரோபியெவும் 2015இல் பிளாட்டினம், டைட்டானியம், பித்தளை ஆகியவற்றில் இதைச் செய்து காட்டினார்கள். மிக மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைத் தரும் அவர்களுடைய ஃபெம்டோசெகண்ட் லேசருக்கு ஓர் அங்குலச் சதுரத்தை முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. ஆனால், உதிரிபாகங்களில் எண்ணும் பெயரும் பொறிப்பதற்காகப் பட்டறைகளில் வைத்திருக்கும் 20 வாட், 1064 நானோமீட்டர் ஃபைபர் லேசரைக் கொண்டே இந்த வேலையைச் செய்துவிடலாம். 304 ரக எவர்சில்வர் தகட்டில் அதைச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

இதற்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, துளிக்கு அடியில் காற்று தங்கி நிற்கும் அளவுக்கு நெருக்கமான மேடுபள்ளம். மற்றொன்று, தண்ணீரை ஈர்க்காத மெல்லிய மேல்தோல். தாமரை இலையில் நுண்மேடுகள் முதல் தேவையையும், அவற்றின் மேல் படர்ந்த மெழுகு இரண்டாவது தேவையையும் நிறைவேற்றுகின்றன. லேசர் நமக்குத் தருவது முதலாவதை மட்டுமே. இதை மனத்தில் இருத்திக்கொள்ளாதவர்கள்தான், வேலை கெட்டுவிட்டது என்று நல்ல தகட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

பாதுகாப்பை முதலில் கவனிக்க வேண்டும். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தகட்டில் பட்டுத் திரும்பும் சிறு கதிரே விழித்திரையை நிரந்தரமாகச் சுட்டுவிடும். அந்த அலைநீளத்துக்கென்று தயாரிக்கப்பட்ட கண்ணாடியை அறையில் இருக்கும் எல்லோரும் அணிய வேண்டும். வெல்டிங் கண்ணாடி இதற்கு ஈடாகாது. எழும் புகையில் குரோமியமும் நிக்கலும் கலந்திருக்கும் என்பதால், வடிகட்டியுடன் கூடிய புகை உறிஞ்சியை ஓடவிட்ட பிறகே லேசரை இயக்க வேண்டும்.

தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்து, அசிட்டோனாலும் பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்து உலர விடவும். கைரேகை பட்ட இடத்தில் பதிவு சீராக அமையாது. அடுத்து, ஒரு பழைய துண்டின் மேல் லேசர் தலையைச் சிறிது சிறிதாக உயர்த்தியும் தாழ்த்தியும் கோடுகள் போட்டு, பொறி மிகப் பிரகாசமாகவும் ஓசை மிகக் கூர்மையாகவும் இருக்கும் உயரத்தில் குவியத்தை நிறுத்த வேண்டும்.

தொடக்க அளவுகளாக முழுத் திறன், 20 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு (விநாடிக்கு 20,000 ஒளித்துடிப்புகள்), விநாடிக்கு 200 மி.மீ. வேகம், கோடுகளுக்கிடையே 100 மைக்ரான் இடைவெளி என வைத்துக்கொள்ளலாம். இந்த வேகத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே 10 மைக்ரான்தான் நகர்வு. ஒளிப்புள்ளியின் விட்டம் 40 மைக்ரான் என்றால், ஒவ்வொரு துடிப்பும் முந்தையதன் மேல் முக்கால் பங்கு படிந்து, தொடர்ச்சியான பள்ளம் உருவாகும். ஒரு திசையில் கோடுகளை முடித்த பின் 90 டிகிரி திருப்பிக் குறுக்கே ஓட்டினால் சதுரமான நுண்தூண்கள் எழும். உருகித் தெறித்த உலோகம் அவற்றின் தலையிலும் ஓரங்களிலும் மணிகளாக உறைந்து, இன்னும் நுண்ணிய சொரசொரப்பைச் சேர்க்கும். 20 மி.மீ. சதுரத்துக்கு இரு திசையிலும் சேர்த்து 8,000 மி.மீ. கோடு தேவை, ஒரு சுற்றுக்கு 40 விநாடி. ஐந்து சுற்றுகள் ஓட்டினாலும் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு எத்தனால் நிரப்பிய சிறு பாத்திரத்தில் தகட்டை அலசிக் கருந்தூளை நீக்கவும். துணியால் தேய்க்கக் கூடாது.

இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால், அது உருளாமல், மை உறிஞ்சும் தாளில் பட்டதுபோல நொடியில் பரவிவிடும். இது தவறல்ல. புதிதாக உருவான ஆக்சைடு தண்ணீரை விரும்புவது. மேடுபள்ளம் அந்த விருப்பத்தைப் பல மடங்காக்குகிறது. அதே தகட்டைக் காற்றில் வைத்திருந்தால், காற்றிலுள்ள கரிமச் சேர்மங்கள் மெல்லப் படிந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தண்ணீரை விலக்கத் தொடங்கும். காத்திருக்க முடியாதவர்கள், எத்தனால் முழுவதும் ஆவியான பிறகு, தகட்டைச் சுமார் 100 டிகிரி செல்சியஸில் மின் ஓவனில் சில மணி நேரம் வைத்தால் மாற்றம் விரைவுபடும். தாமிரத்துக்கும் அலுமினியத்துக்கும் இன்னொரு வழி உண்டு: ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 3 கிராம் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தைக் கரைத்து, அதில் தகட்டைச் சில மணி நேரம் ஊறவைத்து, சுத்தமான எத்தனாலில் அலசி உலர்த்தலாம். ஃபுளோரின் கலந்த சிலேன்கள் (சிலிக்கான் அடிப்படையிலான சேர்மங்கள்) இன்னும் உறுதியான பலனைத் தரும். ஆனால் அந்த வகைச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாமல் தங்கிவிடுபவை. கொழுப்பமிலத்தால் காரியம் நடக்கும் இடத்தில் அவற்றை நாடுவதை நான் ஏற்பதில்லை.

சோதனைக்கு 5 மைக்ரோலிட்டர் துளி ஒன்றை வைத்து, தகட்டின் மட்டத்திலிருந்து கைபேசியால் படமெடுத்து, இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே மென்பொருளில் தொடுகோணத்தை, அதாவது துளியின் விளிம்பு தகட்டோடு துளிக்குள் அமைக்கும் கோணத்தை, அளக்கலாம். கோணம் 150 டிகிரியைத் தாண்டுவதோடு, தகட்டை 10 டிகிரிக்குள் சாய்க்கும்போதே துளி உருள வேண்டும். கோணம் பெரிதாக இருந்தும் தலைகீழாகக் கவிழ்த்தாலும் துளி விழவில்லை என்றால், பள்ளங்களுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று பொருள். ரோஜா இதழில் துளி நிற்பது இந்த வகைதான். அப்போது கோட்டு இடைவெளியை 80, பிறகு 60 மைக்ரான் எனக் குறைத்தோ, சுற்றுகளைக் கூட்டிப் பள்ளத்தை ஆழமாக்கியோ மீண்டும் பார்க்க வேண்டும்.

சோப்புத் தண்ணீர், எண்ணெய், அழுத்தித் தேய்த்தல் ஆகிய மூன்றையும் இந்தப் பரப்பு தாங்காது. நீராவி பள்ளங்களுக்குள்ளேயே குளிர்ந்து துளியாகும் இடங்களிலும் பலன் குறையும். ஆகவே சமையல் பாத்திரத்துக்கு இது ஏற்றதல்ல. தவிர, லேசரின் சூடு எவர்சில்வரின் குரோமியக் காப்புப் படலத்தைக் குலைப்பதால், பதித்த இடம் முன்பைவிட எளிதாகத் துருப்பிடிக்கலாம். உப்புநீர் படும் இடத்தில் பொருத்தும் எண்ணம் இருந்தால், அதே அளவுகளில் பதித்த ஒரு துண்டை உப்புக் கரைசலில் சில நாட்கள் போட்டுப் பார்த்த பிறகே முழுத் தகட்டையும் லேசருக்கு அடியில் வைக்க வேண்டும்.