டிரஸ்ஸிங் ஃபோர்செப்ஸ்: முதல்முறை பிடிப்பவர்களுக்கு

பல் மருத்துவ ட்ரேயில் மிரர், ப்ரோப் (பல்லைத் தொட்டுப் பார்க்கும் கூர்முனைக் கருவி) பக்கத்தில் கிடக்கும் அதே ட்வீசர்தான். பஞ்சு எடுக்க, காஸ் (மெல்லிய வலைத்துணி) வைக்க, வைத்ததை எடுக்க. இதில் படிக்க என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன், ஈரப் பஞ்சு நழுவி நோயாளியின் நாக்கில் விழும்வரை.

1. முனையைப் பாருங்கள். உள்பக்கம் குறுக்குக் கோடுகள் மட்டுமே இருக்க வேண்டும். முனையில் கூரான பற்கள் இருந்தால் அது டிஷ்யூ ஃபோர்செப்ஸ். தையல் போடும்போது ஈறைப் பிடிப்பது அதன் வேலை. முனையில் பல் இல்லாததுதானே மென்மை என்று நினைத்து டிரஸ்ஸிங் ஃபோர்செப்ஸால் ஈறைப் பிடிக்காதீர்கள். வழுக்காமலிருக்க அழுத்துவீர்கள், திசு நசுங்கிவிடும்.

2. வெளிச்சத்தில் மூடிப் பாருங்கள். இரு முனையும் நேருக்கு நேர் சேராவிட்டால் வேறு எடுங்கள்.

3. பேனா மாதிரி பிடியுங்கள். மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருக்கட்டும். பலம் வேண்டாம், இறுக்கினால் முனை விரியும், பஞ்சு நழுவும். என் பஞ்சு விழுந்ததும் இப்படித்தான்.

4. இனி நிஜ வேலை, ட்ரை சாக்கெட். பல் பிடுங்கிய குழியில் ரத்தக்கட்டி நிலைக்காமல் போய் எலும்பு வெளியே தெரியும். பெரும்பாலும் மூன்றாம் நாள் வாக்கில் வலி காதுவரை இழுக்கும். மேற்பார்வை மருத்துவர் பக்கத்தில் இருக்கட்டும். வெதுவெதுப்பான சலைனால் (உப்புநீர்) குழியைக் கழுவுங்கள், சுரண்ட வேண்டாம். மருந்து தோய்த்த ரிப்பன் காஸின் நுனியைப் பிடித்துக் குழியின் அடிவரை கொண்டுபோய், மடிப்பு மடிப்பாகத் தளர்வாக வையுங்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் ட்வீசரைத் திறந்து, காஸ் கூடவே வராமல் வெளியே எடுக்க வேண்டும். பழக்கம் வரும்வரை இதுதான் படுத்தும். வால் ஒன்று வெளியே தெரியட்டும். காஸ் வைத்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அது தானாகக் கரையாது, திரும்ப வந்து எடுத்தாக வேண்டும் என்று நோயாளியிடமும் சொல்லிவிடுங்கள்.

5. வாய்க்குள் போன ட்வீசரைப் பஞ்சு டப்பாவுக்குள் விடவே கூடாது. அவசரத்தில் எல்லோரும் செய்யும் தப்பு இது. தேவையானதை முன்பே ட்ரேயில் எடுத்து வையுங்கள்.

6. முடிந்ததும் கோடுகளுக்கிடையே காய்ந்த ரத்தத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, பவுச்சில் போட்டு ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி): 121 டிகிரி செல்சியஸ், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 30 நிமிடம். பூட்டு உள்ள வகையானால் திறந்தே வையுங்கள்; ஒட்டிக்கிடக்கும் முனைகளுக்கு நடுவே நீராவி போகாது.