மலைமேல் நார்க்கவசம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல், கோத்தகிரிப் பக்கம் வாழைநாரிலும் கற்றாழை நாரிலும் குண்டு தாங்கும் பலகை செய்ய இறங்குபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே குழியில்தான் விழுகிறார்கள். கையுறை, கலவை விகிதம் எல்லாம் பிசின் டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது, அதை விட்டுவிடுவோம்.

நாரை மட்டும் நம்புவது

வெறும் நார்ப்பலகை ரைஃபிள் குண்டை நிறுத்தாது. பிரேசில் ராணுவப் பொறியியல் கழகம் சோதித்த அடுக்கில் முன்னால் 10 மி.மீ. அலுமினா பீங்கான், நடுவில் 10 மி.மீ. நார்-எப்பாக்ஸி (நாரை எப்பாக்ஸி என்ற பிசினில் இறுக்கிய பலகை), பின்னால் 5 மி.மீ. அலுமினியம். 7.62 மி.மீ. குண்டை உடைப்பது பீங்கான். சிதறி வரும் துணுக்குகளைப் பிடிப்பதே நாரின் வேலை. அந்த நடு இடத்தில்தான் அது கெவ்லார் போன்ற அராமிட் துணிக்கு ஈடுகொடுக்கிறது.

ஈர நாரில் பிசின் ஊற்றுவது

எரிச்சலூட்டுவது இதுதான். “வெயிலில் காயவைத்தோம்” என்பார்கள். மூடுபனி இறங்கும் ஊரில் அந்த வெயில் எதற்கு ஆகும்? 65% ஈரப்பதக் காற்றிலேயே தாவர நாரான சணல், உலர்ந்தது 100 கிராம் இருந்தால், சுமார் 12 கிராம் தண்ணீர் குடிக்கும். பனிக்காற்றில் இன்னும் கூடும். அந்த ஈர நாரை எடைபோட்டு, பலகையில் 30% நார் என்று கணக்கு எழுதினால், உண்மையில் இருப்பது 27%தான். தடித்த பலகையில் எப்பாக்ஸி இறுகும்போது தானே சூடேறும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழாக நிற்கும். ஊறிப் பருத்த நார் பின்னால் காய்ந்து சுருங்கினால் பிசினை விட்டு விலகும். மேலே பார்த்தால் பளபளப்பாகத்தான் இருக்கும். காசால் தட்டினால் பொத்தென்று கேட்கும். பீங்கான், அலுமினியம், சோதனைக் கட்டணம் எல்லாம் அதோடு போச்சு.

நாரை மின் அடுப்பில் (ஓவன்) 80 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். ஒரு மணி நேர இடைவெளியில் போட்ட இரண்டு எடைகள் ஒத்துவந்தால்தான் காய்ந்ததாக அர்த்தம். சூடாகவே பாலித்தீன் பையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டி, பிசின் கலக்கித் தயாரான பிறகே பிரிக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் நார் மறுபடி ஈரம் இழுத்துவிடும்.

காரத்தில் ஊறப்போடுவது

பிசின் நன்றாகப் பிடிக்க நாரை 5% காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு மணி நேரம் போட்டால் போதும். கூடினால் நாரே பலம் இழக்கும். இன்னொன்று, நாரும் பிசினும் இறுகப் பிடித்துக்கொண்டால் நல்லது என்று நினைப்பது. மேசை, நாற்காலிக்கு அது சரி. கவசத்தில் அடுக்கு பிரிவதும் நார் உருவிக்கொண்டு வருவதும்தான் குண்டின் வேகத்தைத் தின்கின்றன. ஓரளவு விட்டுக்கொடுக்கும் பிடிப்பே வேண்டும்.

குளிரில் இறுகவிடுவது

15 டிகிரியில், ஈரக்காற்றில் அமீன் ஹார்டனர் (எப்பாக்ஸியை இறுகவைக்கக் கலக்கும் திரவம்) மேலே மெழுகுபோல் படியும். வெந்நீரில் கழுவி, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த அடுக்கை ஒட்டலாம்.

வெட்டிய ஓரம்

ஈரம் புகாதபடி அன்றே பிசின் பூசி அடைத்துவிடுங்கள்.

சுட்டுப் பார்ப்பது

அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தில் மட்டும். அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு அமைப்பான என்.ஐ.ஜே. வைத்திருக்கும் அளவுகோலில், குண்டு துளைக்காவிட்டாலும் பின்னால் வைத்த களிமண்ணில் பள்ளத்தின் ஆழம் 44 மி.மீ. தாண்டினால் பலகை தோல்வியடையக்கூடும். சோதிக்காத பலகையை யார் உடம்பிலும் மாட்டாதீர்கள்.