மேரி பிஸ்கட் என்ன பத்தியச் சாப்பாடா?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் பையில் பெரும்பாலும் ஒரு மேரி பாக்கெட் இருக்கும். எங்கள் ஆச்சிக்குச் சர்க்கரை நோய் வந்ததும் வீட்டில் அல்வா நின்றது, மேரி நிற்கவில்லை. கேட்டால், "இது இனிக்கவே செய்யாது, இதுல என்னல சீனி இருக்கு?" என்பாள்.

முதல் தவறே அதுதான். 100 கிராம் மேரியில் ஏறக்குறைய 20 கிராம் சீனி உண்டு. அதையும் சேர்த்து மாவுச்சத்து 75 கிராம் பக்கம் வரும். கலோரி சுமார் 450. அடிப்படை மைதா என்பதால் ரத்தத்தில் சர்க்கரை சீக்கிரமே ஏறும். ஐந்து பிஸ்கட் தின்றால் இரண்டு இட்லிக்குரிய கலோரி உள்ளே போய்விடும், வயிறோ நிறையாது. மேலே உள்ள துளைகள் வேகும்போது ஆவி வெளியேறுவதற்காக. அதனால் உப்பாமல் தட்டையாக, மொறுமொறுவென்று வருகிறது. அந்த லேசான தோற்றம்தான் நம்மை ஏமாற்றுவது.

சரி, மேரி வேண்டாம் என்று டைஜெஸ்டிவ் பிஸ்கட்டுக்கு மாறுவது அடுத்த தவறு. அதில் போடும் சோடா உப்பு செரிமானத்துக்கு உதவும் என்று 19ஆம் நூற்றாண்டில் நம்பியதால் வந்த பெயர் அது. கொழுப்பு மேரியைவிட ஏறக்குறைய இரு மடங்கு. 'சுகர் ஃப்ரீ' என்று போட்டிருந்தாலும் மாவு மாவுதான். அட்டையின் முன்பக்கத்துக் கோதுமைக் கதிர் படத்தை நம்பாமல், பின்பக்கத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். அநேகமாக மைதாதான்.

காய்ச்சல்காரருக்கு இரண்டு கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் உப்புப் போட்ட கஞ்சிக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள்.

பெயரைக் கேட்டு மாதாவோடு சேர்த்து நினைக்கிறவர்கள் நம்மூரில் உண்டு. உண்மையில் அது ரஷ்ய இளவரசி மரியா அலெக்சாந்திரோவ்னாவின் பெயர். விக்டோரியா ராணியின் மகன் ஆல்ஃபிரெடை அவர் மணந்த 1874இல், லண்டனின் பீக் ஃப்ரீன்ஸ் கம்பெனி அந்தக் கல்யாணத்தை ஒட்டிச் செய்த பிஸ்கட். பத்தியத்துக்கென்று பிறந்ததல்ல.

இப்போது ஆச்சிக்குச் சாயங்காலம் சீனி போடாத டீ, இரண்டே மேரி, அப்புறம் ஒரு கை அவித்த பயறு. மூன்றாவது பிஸ்கட்டுக்குத்தான் தினமும் வழக்கு.