மால்டாவில் ஒரு வாரச் சுற்றுலா: பணம் கட்டும் முன்பே தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைபடத்தில் மால்டாவைப் பார்த்தவுடன் பலரும் தப்புக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். பெரிய தீவின் நீளமே 27 கிலோமீட்டர்தான். பக்கத்திலிருக்கும் கோசோ, நடுவில் கிடக்கும் குட்டித் தீவு கொமினோ எல்லாம் சேர்த்தாலும் 316 சதுர கிலோமீட்டர். "ஏழு நாள் தாராளம், மிச்சத்தை வழிகாட்டி பார்த்துக்கொள்வார்" என்று முன்பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் இங்கே நாளைத் தின்பவை வேறு: ஒரு நாளைக்கு 80 பேரை மட்டும் உள்ளே விடும் நிலவறை, ஞாயிறன்று சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்காத பேராலயம், காற்று கிளம்பினால் ஓடாத படகு, நிழலே இல்லாத கற்கோயில்கள். எந்த நாளில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பயணம் தேறும். அந்த வரிசையைப் போடுவது பயண நிறுவனம் என்பதால், கேட்க வேண்டியதை முன்பணத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஹைப்போஜியம் சீட்டை நிறுவனத்தின் பொறுப்பில் விடுவது

மால்டா போனவர்கள் அதிகம் வருந்துவது இதற்குத்தான். பாவ்லா என்ற ஊரில், சாதாரணக் குடியிருப்புத் தெருவின் அடியில், பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக அமைத்த கற்கால இடுகாடு ஹல் சஃப்லியெனி ஹைப்போஜியம். 1902-இல் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது தற்செயலாக வெளிப்பட்டது. ஆழமான அறை தரைமட்டத்திலிருந்து பத்து மீட்டருக்கும் கீழே இருக்கிறது. கூரையில் செங்காவியால் தீட்டிய சுருள் ஓவியங்கள் இன்னும் தெரிகின்றன. மனித மூச்சிலிருந்து வரும் ஈரமும் கரியமில வாயுவும் அந்தக் காவியை அரித்துவிடும் என்பதால்தான் இவ்வளவு கெடுபிடி: ஒரு முறைக்கு 10 பேர், ஒரு நாளைக்கு 8 முறை.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் குழுவில் 24 பேர் என்றால் மூன்று தனித்தனி நேரங்கள் வேண்டும். அதற்கு இடம் தரப் பல நிறுவனங்களின் நிகழ்ச்சி நிரலில் வழியில்லை. அதனால் ஹைப்போஜியத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள், அல்லது "வாய்ப்பிருந்தால்" என்று எழுதிவைக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பார்த்தால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு முன்பே உங்கள் ஓய்வு நாளுக்கு நீங்களே இணையத்தில் வாங்கிவிடுங்கள். வாங்கிய சீட்டுக்குப் பணம் திரும்பாது, நேரத்தை மாற்றவும் முடியாது. பிந்தி வந்தால் உள்ளே விடமாட்டார்கள். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, படம் எடுக்கவும் கூடாது. முன்கூட்டி வாங்காதவர்களுக்கு மறுநாளைக்கான சில சீட்டுகள் கூடுதல் விலையில் தலைநகர் வலெட்டாவின் செயின்ட் எல்மோ கோட்டையில் கிடைக்கும். கோட்டை திறக்கும் முன்பே வரிசையில் நிற்கத் தயாராக இருந்தால் மட்டும் அதை நம்பலாம்.

இன்னொன்று. அரசின் தொல்லியல் தலங்களுக்கெல்லாம் சேர்த்து விற்கும் கூட்டுச்சீட்டில் ஹைப்போஜியம் அடங்காது. வலெட்டாவின் புனித யோவான் பேராலயம் வேறு நிர்வாகம் என்பதால் அதுவும் அடங்காது. "நுழைவுக் கட்டணம் உட்பட" என்று நிறுவனம் சொன்னால் எந்தெந்த இடத்துக்கு என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள்.

அருங்காட்சியகத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளுவது

வலெட்டாவின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தை மழை வந்தால் ஒதுங்கும் இடமாக வைத்திருக்கும் நிரல்கள் ஏராளம். இது வரிசையைத் தலைகீழாக்கும் தவறு. தார்ஷியன் என்ற கற்காலக் கோயிலில் நீங்கள் பார்க்கும் சுருள் வேலைப்பாட்டுக் கற்கள் நகல்கள். மூலக் கற்களை 1950-களில் பெயர்த்து இந்த அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். ஹைப்போஜியத்தில் கிடைத்த 'உறங்கும் பெண்' சிலையும் இங்கேதான். உள்ளங்கையில் அடங்கும் களிமண் உருவம், நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைத் தலைக்கடியில் மடித்திருக்கிறாள். சற்றுக் குனிந்து பார்த்தால் பாவாடையின் விளிம்பும், கட்டிலின் தொய்வும்கூடத் தெரியும். இதையெல்லாம் முதலில் பார்த்துவிட்டுப் போனால்தான் கோயிலில் வெறும் கல்லாகத் தெரிவது வேலைப்பாடாகத் தெரியும். முதல் அல்லது இரண்டாம் நாள் காலை இரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

தென்கரையில் இருக்கும் ஹஜார் இம், இம்னைத்ரா என்ற இரு கோயில்களை நண்பகலில் வைப்பது அடுத்த தவறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு 500 மீட்டர், கடலை நோக்கிச் சரியும் பாதை. இறங்கும்போது சுகமாக இருக்கும், ஏறும்போது வெயில் பிளக்கும். வழியில் ஒரு மரம் கிடையாது. 2009 முதல் கோயில்களுக்கு மேல் கூடாரம் போட்டிருக்கிறார்கள், பாதைக்கு இல்லை. ஜூலை, ஆகஸ்டில் திறந்தவுடன் போவதே உருப்படியான வழி. ஏப்ரல், மே, அக்டோபர் என்றால் இந்தக் கவலை பாதி குறையும்.

வேகமாகக் கடந்துபோகும் வழிகாட்டியிடம் ஒன்றை மட்டும் கேட்டு நிறுத்துங்கள்: இரண்டு கோயில்களின் கல்லும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது? ஹஜார் இம் மென்மையான குளோபிஜெரினா சுண்ணாம்புக்கல்லால் ஆனது, அதனால் வெளிச்சுவர் காற்றிலும் உப்பிலும் செதில் செதிலாக உதிர்ந்திருக்கிறது. இம்னைத்ராவின் வெளிச்சுவர் கடினமான பவளச் சுண்ணாம்புக்கல். உள்ளே மென்கல்லைப் பயன்படுத்திப் புள்ளி புள்ளியாகத் துளையிட்டிருக்கிறார்கள். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் உதிக்கும் சூரியனின் ஒளி அங்குள்ள தெற்குக் கோயிலின் வாசல் வழியே நேராக நடு அச்சில் விழும். இதைச் சொல்லாமல் கூட்டிப்போனால் வழிகாட்டியுடன் போனதற்குப் பொருளில்லை. மால்டாவில் வழிகாட்டிகளுக்கு அரசு உரிமம் உண்டு, அடையாள அட்டையை அணிந்திருக்க வேண்டும். பேருந்தில் ஏற்றி இறக்கும் பணியாளர் வேறு, உரிமம் பெற்ற வழிகாட்டி வேறு. உங்களுடன் வரப்போவது யார் என்று கேளுங்கள்.

வலெட்டாவை அரை நாளில் முடிப்பது

ஒட்டோமான் படை மால்டாவை வளைத்த 1565 பெரும் முற்றுகைக்கு மறு ஆண்டு அடிக்கல் நாட்டிய நகரம். குடியரசுத் தெரு ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் பக்கத் தெருக்கள் படிக்கட்டுகளாகக் கடலுக்கு இறங்குகின்றன. நடைபாதைக் கல் தேய்ந்து வழவழப்பாகி இருக்கும், சாரல் பட்டால் கால் நிற்காது. ரப்பர் அடிப்பாகமுள்ள காலணி அவசியம்.

பேராலயத்தின் தரை முழுவதும் அப்போது மால்டாவை ஆண்ட புனித யோவான் சபையின் வீரர்கள் சுமார் 400 பேரின் பளிங்குக் கல்லறைப் பலகைகள். பல வண்ணக் கற்களை இழைத்த வேலை என்பதால் கூர்மையான குதிகால் செருப்புக்கு உள்ளே அனுமதி இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு துப்பட்டா பையில் இருந்தால் போதும். இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1608-இல் தீட்டிய புனித யோவானின் தலை வெட்டப்படும் காட்சி இங்கே தனிக்கூடத்தில் இருக்கிறது, ஐந்து மீட்டருக்கும் மேல் அகலம். கழுத்திலிருந்து வழிந்த இரத்தத்திலேயே ஓவியர் தன் பெயரை எழுதியிருப்பார். அவர் கையொப்பமிட்டதாகத் தெரிந்த ஒரே ஓவியம் இது. எட்டி நின்றால் அந்த எழுத்து கண்ணில் படாது. கப்பல் பயணிகள் குவியும் முற்பகலைத் தவிர்த்து, கதவு திறக்கும் நேரத்திலோ பிற்பகல் கடைசியிலோ போக வேண்டும். உங்கள் நிரலில் வலெட்டா ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் இதை இழந்துவிடுவீர்கள், நாளை மாற்றச் சொல்லுங்கள்.

மேல் பராக்கா தோட்டத்திலிருந்து பார்க்கும் பீரங்கி மரியாதை பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடக்கும். எல்லாக் குழுவும் 12 மணிக்கே போகும். 4 மணிக்கு வெயில் முதுகுக்குப் பின்னால் இறங்கும், துறைமுகத்தின் எதிர்க்கரை ஊர்களான பிர்குவும் செங்லியாவும் மஞ்சளாக ஒளிரும், கூட்டமும் குறைவு.

மதில் சூழ்ந்த பழைய தலைநகர் எம்தினாவுக்கும் இதே விதிதான்: நண்பகலில் நெரிசல், மாலை ஆறுக்கு மேல் தெரு உங்களுடையது. வழியில் மோஸ்தா ஆலயத்தில் இறக்கிவிட்டால், 1942 ஏப்ரல் 9 அன்று கூரையைத் துளைத்து விழுந்தும் வெடிக்காத குண்டின் கதையைச் சொல்வார்கள். கதை உண்மை, ஆனால் அங்கே காட்சிக்கு இருக்கும் குண்டு அதுவல்ல, அதே மாதிரியான இன்னொன்று.

கடல் பயணத்தை வாரக் கடைசியில் வைப்பது

படகை நம்பிய எதையும் வாரத்தின் முன்பாதியில் வையுங்கள். இங்கே அதிகம் வீசுவது வடமேற்குக் காற்று. அது வலுத்தால் கொமினோ படகுகளும், தென்கரைக் கடற்குகையான நீலக் குகைக்குப் போகும் படகுகளும் நின்றுபோகும். இரண்டாம் நாள் ரத்தானால் ஐந்தாம் நாள் இருக்கிறது, ஆறாம் நாள் ரத்தானால் அடுத்து விமான நிலையம்தான். நீலக் குகையில் காலை வெளிச்சத்தில்தான் தண்ணீரின் நிறம் எழும். கொமினோவின் நீலக் காயலுக்கு 2025 முதல் முன்பதிவு கட்டாயம். கட்டணம் இல்லை என்றாலும் அதை யார் செய்கிறார்கள் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கோசோவை ஒரே நாளில் அடைப்பது பரவலான வழக்கம். சிர்கெவ்வாவிலிருந்து கப்பல் 25 நிமிடம்தான், ஆனால் ஸ்லீமா விடுதியிலிருந்து துறைமுகம் சேரவே ஒரு மணி நேரம் போய்விடும். கையில் மிஞ்சும் ஐந்தாறு மணி நேரத்தில் ஜகன்தியா கோயில், சித்தாதெல்லா கோட்டை, ட்வெய்ரா கடற்கரை, மதிய உணவு எல்லாம் திணிக்கப்படும். ஓர் இரவு அங்கே தங்கும் நிரலைத் தேடுங்கள். முடியாவிட்டால் செவ்வாய் முதல் வியாழனுக்குள் போங்கள், ஞாயிறு மாலை திரும்பும் வரிசை நீண்டுவிடும். விளம்பரப் படத்தில் இருக்கும் 'நீலச் சாளரம்' என்ற பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. இன்னும் அதைக் காட்டி விற்கும் நிறுவனம் மற்ற தகவலையும் புதுப்பித்திருக்காது.

ஒரு வாரத்துக்குள் சிசிலிக்கு ஒரு நாள் போய்வருவது கூடவே கூடாது என்பது எங்கள் தீர்மானமான கருத்து. விடியுமுன் எழுந்து, நள்ளிரவில் திரும்பி, மறுநாள் காலையையும் தூக்கத்தில் இழப்பீர்கள்.

சிறிய பிழைகள், பெரிய தொல்லை

ஷெங்கன் விசாவுக்கு, விமானம் ரோம் வழியே போகிறது என்று இத்தாலியிடம் விண்ணப்பிக்கிறார்கள். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான், அதாவது மால்டாவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை ஏற்பார்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. குடியேற்றச் சோதனை முதலில் இறங்கும் ஷெங்கன் விமான நிலையத்திலேயே நடப்பதால் இணைப்பு விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஐரோப்பா என்று நினைத்து இரு உருளை முனை அடாப்டர் வாங்கினால் வீண். பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன தட்டையான மூன்று முனைச் செருகிதான் இங்கே; சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் அதே வகை. வாகனங்களும் நம் ஊர்போல இடப்பக்கம்தான்.

சைவ உணவுக்காரர்கள் பாஸ்டிஸ்ஸி என்ற மடிப்புப் பலகாரத்தில் பட்டாணி அல்லது ரிக்கோட்டா வைத்ததைக் கேட்டு வாங்கலாம். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்தார்களா என்று கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள். தக்காளி தடவிய ரொட்டியில் சொல்லாமலே சூரை மீன் வைத்துவிடுவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்ல வேண்டும். குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரிலிருந்து உப்பை நீக்கியது. குடிக்கலாம், சுவைதான் சற்று மட்டம். புட்டித் தண்ணீர் வாங்கினால் விலையில் 10 சென்ட் வைப்புத்தொகையும் சேர்ந்திருக்கும். புட்டியை நசுக்காமல், ஒட்டியிருக்கும் தாளைக் கிழிக்காமல் தெருமுனை இயந்திரத்தில் போட்டால்தான் அதைத் திரும்பப் பெறலாம்.