மோட்டார்ஹோமுக்கு மட்டம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுந்தூரம் ஓட்டி வந்த அலுப்பு. கேம்ப்சைட்டில் இடம் கிடைத்ததும் மோட்டார்ஹோமை, அதாவது படுக்கையும் சமையலறையும் குளியலறையும் உள்ள வண்டியை நிறுத்தி, கரன்ட் வயரைச் சொருகி, தண்ணீர்க் குழாயை மாட்டி, அடுப்பையும் பற்ற வைத்துவிடுகிறோம். அப்புறம்தான் மேஜைமேல் இருக்கும் டம்ளர் கண்ணில் படுகிறது. தண்ணீர் ஒரு பக்க விளிம்பை எட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, மறுபக்கம் அரை விரல் இறங்கியிருக்கிறது. உள்ளே குளியலறைக் கதவு தானாகத் திறந்து மெல்ல ஆடுகிறது. மாட்டியதையெல்லாம் கழற்றி, வண்டியை மறுபடி கிளப்ப வேண்டும். பலர் அந்த அலுப்புக்குப் பயந்தே "ஒரு ராத்திரிதானே" என்று சாய்வோடு படுத்துவிடுகிறார்கள். வந்து நின்றதும் முதல் வேலை மட்டம் பார்ப்பதுதான். வயரும் குழாயும் காத்திருக்கட்டும்.

தலை தாழ்வாகப் படுத்தால் தூக்கம் கெடும், அவ்வளவுதானே என்று நினைப்பது பெரிய தவறு. சாய்வின் பாதிப்பை முதலில் வாங்குவது ஃப்ரிட்ஜ். நிறைய மோட்டார்ஹோம்களில், காஸிலும் கரன்டிலும் ஓடக்கூடிய அப்சார்ப்ஷன் வகை ஃப்ரிட்ஜ் இருக்கும். 1922-ல் ஸ்வீடனில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டனும் கார்ல் மன்டர்ஸும் உருவாக்கிய முறை இது. கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் மூடிய குழாய்களுக்குள் சுற்றுகின்றன. அடியில் கொடுக்கும் சூட்டில் அம்மோனியா ஆவியாகி மேலே போகும், குளிர்ந்து திரவமாகித் தன் எடையிலேயே வடிந்து இறங்கும். வடிவதற்கு வேறு எந்தத் துணையும் இல்லை. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் வளைவுகளில் தேங்கிவிடுகிறது. சூடேற்றும் பகுதிக்குத் திரும்பி வருவது குறைந்து, அந்த இடம் அளவுக்கு மீறிக் காய்கிறது. குழாய் துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் அங்கே படிகமாகப் படிந்து வழியை அடைக்கிறது. அந்த அடைப்பு பிறகு மட்டப்படுத்தினாலும் போகாது. குளிரூட்டும் பகுதியை அப்படியே மாற்ற வேண்டியதுதான். ஓடும் வண்டியில் சாய்வு மாறிக்கொண்டே இருப்பதால் திரவம் ஓரிடத்தில் தங்குவதில்லை. நிறுத்திய பிறகுதான் ஆபத்து.

எவ்வளவு சாய்வு தாங்கும் என்பது ஃப்ரிட்ஜின் கையேட்டில் இருக்கும். இடவலமாக 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி என்பது பல மாடல்களில் காணும் அளவு. இந்த இடவலம் ஃப்ரிட்ஜுக்கு எதிரே நின்று பார்க்கும்போது வரும் இடவலம். ஃப்ரிட்ஜ் வண்டியின் பக்கச் சுவரை ஒட்டி நின்றால், அதன் இடவலம் வண்டிக்கு முன்பின் திசை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் ஏராளம். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் இவ்வளவு நுட்பம் பார்ப்பதில்லை என்றாலும், உங்களுடையது எந்த வகை என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அளப்பதிலும் தவறு நடக்கிறது. போனை டேஷ்போர்டில் வைத்துப் பார்த்தால் டேஷ்போர்டின் சரிவைத்தான் அது சொல்லும். குமிழி நகர்வதைப் பார்த்துச் சாய்வைக் காட்டும் ரசமட்டத்தை வண்டியின் நடுத்தரையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஃப்ரீசரின் அடித்தட்டு இன்னும் நல்லது. முதலில் ரசமட்டத்தையே சோதிக்க வேண்டும். வைத்த இடத்திலேயே முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி இரண்டு தடவையும் வண்டியின் ஒரே பக்கம் பார்த்து, ஒரே அளவு ஒதுங்கினால் கருவி சரி.

குமிழி ஒதுங்கியதை சென்டிமீட்டராக மாற்றத் தெரிந்தால் பாதி வேலை மிச்சம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 1 டிகிரி என்றால் ஏறக்குறைய 1.75 செ.மீ. உயர வித்தியாசம். இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையே 1.8 மீட்டர் இருந்தால் டிகிரிக்கு 3 செ.மீ. சொச்சம் தூக்க வேண்டும். முன்பின் சக்கரங்களுக்கு இடையே 4 மீட்டர் என்றால் 7 செ.மீ. 3 டிகிரிச் சரிவில் வண்டியை நீளவாக்கில் நிறுத்தினால் 21 செ.மீ. தூக்க வேண்டியிருக்கும். சக்கரத்தை ஏற்றி உயர்த்த நாம் வைத்திருக்கும் சாய்தளமான ரேம்ப் அந்த உயரத்துக்கு வராது. அதே வண்டியைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்தினால் 9 செ.மீ. சொச்சம் போதும். அதனால் ரேம்பை வெளியே எடுப்பதற்கு முன், வண்டியை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்று யோசியுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

ரேம்ப் வைத்து ஏற்றுபவர்கள் இடவலத்தை முதலில் சரிசெய்து, அப்புறம் முன்பின் பார்ப்பது சுலபம்.

அடுத்தது உயிருக்கே ஆபத்தான தவறு: பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிடுவது. ஹேண்ட் பிரேக் பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் பின்சக்கரங்களைத்தான் பிடித்திருக்கிறது. பின்சக்கரத்தில் ஓடும் வண்டியானால் கியரைப் பார்க்கில் போட்டாலும் பிடிப்பது அதே சக்கரங்களைத்தான். அவை அந்தரத்தில் நின்றால், முன்சக்கரங்கள் உருள எந்தத் தடையும் இல்லை. டன் கணக்கான எடை சில ஜாக்கிகளின் மேல் மட்டும் நிற்கும். சரிவில் அது லேசாக நகர்ந்தாலே ஜாக்கி வளைந்து வண்டி விழும். ஹைட்ராலிக் ஜாக்கிகள் பட்டனைத் தொட்டதும் வேலையை முடித்துவிடுவதால், டயர் தரையை விட்டதைக் கவனிக்காமலே பலர் உள்ளே போய்விடுகிறார்கள். இறங்கிப் போய்க் குனிந்து பாருங்கள். டயருக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் உடனே இறக்கி, அந்த டயருக்கு அடியில் பலகை அடுக்கி, அதன்பிறகு சரிசெய்யுங்கள். ஜாக்கியைத் தொடுவதற்கு முன்பே இறக்கமான பக்கத்தில் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போட்டிருக்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் எதற்காகவும் நுழையாதீர்கள்.

மூலைகளில் இருக்கும் மெல்லிய ஸ்டெபிலைசர் ஜாக்கிகளை வண்டியைத் தூக்கப் பயன்படுத்துவதும் சகஜமாக நடக்கிறது. நடக்கும்போது வண்டி ஆடாமல் இருக்கத்தான் அவை. மட்டமாக நின்ற பிறகு தரையைத் தொட்டு லேசாக இறுகும்வரை இறக்கினால் போதும். அவற்றை வைத்து நெம்பினால் ஜாக்கி வளையும், பொருத்தியிருக்கும் சட்டமும் முறுக்கிக்கொள்ளும்.

பலகை வைக்கும்போது டயரின் முழு அடிப்பாகமும் அதன்மேல் உட்கார வேண்டும். பாதி டயர் விளிம்புக்கு வெளியே தொங்கினால் உள்ளிருக்கும் இழைகள் நசுங்கும். சேதம் அன்று தெரியாது, பின்னொரு நாள் ஓட்டத்தில் தெரியும். பின்னால் இரட்டை டயர் உள்ள வண்டியில் இரண்டுக்கும் அடியில் பலகை வேண்டும்.

மண் தரையில் ஜாக்கியை வெறுமனே இறக்கினால் மட்டம் விடியும்வரை நிற்காது. 20 செ.மீ. சதுர அடித்தட்டில் 1,500 கிலோ இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.75 கிலோ. அதற்கு அடியில் 40 செ.மீ. சதுரமான தடித்த பலகையைக் கொடுத்தால் அழுத்தம் நாலில் ஒரு பங்காகிவிடும்.

ரேம்பில் ஏற்றும்போது ஒருவர் ஓட்ட, ஒருவர் சொல்ல வேண்டும். சொல்பவர் ரேம்புக்கு முன்னும் பின்னும் நிற்கக் கூடாது. இதை நான் நேரில் கண்டே கற்றுக்கொண்டேன். மழை பெய்து ஓய்ந்த புல்தரை. முன்சக்கரத்தில் ஓடும் வண்டி, மஞ்சள் ரேம்ப். டயர் இரண்டு படி ஏறியதும் ஓட்டியவர் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினார். டயர் வழுக்கிச் சுழன்றது. ரேம்ப் அடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்னால் பாய்ந்து, நான் ஒரு நிமிடம் முன்பு குனிந்து பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் போய் விழுந்தது. அன்றிலிருந்து ஈரத்தரையில் ரேம்புக்கு அடியில் ரப்பர் பாய் விரிக்காமல் ஏற்ற விடுவதில்லை. பக்கவாட்டில், ஓட்டுபவர் கண்ணாடியில் தெரியும்படிதான் நிற்கிறேன்.

பக்கச் சுவரோடு வெளியே நீளும் ஸ்லைடு-அவுட் இருந்தால், கையேடு வேறுவிதமாகச் சொல்லாதவரை மட்டம் பார்த்த பிறகே நீட்டுங்கள். சாய்ந்த வண்டியில் அது ஒரு பக்கமாக இழுத்து மோட்டாரைத் திணறடிக்கும். தொட்டி அளவு காட்டும் விளக்குகளும் சாய்வில் பொய் சொல்லும். வெளியே விரிக்கும் துணிப் பந்தலை மட்டும் மட்டமாக வைக்காதீர்கள். ஒரு மூலையைத் தாழ்த்தி வைத்தால்தான் மழைநீர் ஓடும், இல்லாவிட்டால் நடுவில் தொட்டிபோல் தேங்கி எடை தாங்காமல் கிழியும்.

காலையில் ரசமட்டத்தை மறுபடி வைத்துப் பாருங்கள். இரவு மழை பெய்திருந்தால் ஒரு மூலை இறங்கியிருக்க வாய்ப்புண்டு. கிளம்பும்போது ஸ்லைடு-அவுட்டை உள்ளே இழுத்து, எல்லா ஜாக்கிகளும் முழுக்க மேலே ஏறிவிட்டனவா என்று வண்டியைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். முட்டுக்கட்டை கடைசியில்தான். ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்த பிறகே அதை எடுங்கள்.