போனஸ் கொடுத்தும் வேலையில் சுறுசுறுப்பு இல்லையா?

"தீபாவளிக்கு போனஸ் கொடுத்தாச்சு, இன்னும் என்ன வேணுமாம்?" முதலாளிகள் பலர் இப்படிக் கேட்பதுண்டு. முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. தகுதியுள்ள ஊழியருக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் என்று சட்டமே சொல்லிவிட்டது. சட்டப்படி வர வேண்டியது வராவிட்டால் ஊழியர் கொதிப்பார், வந்தால் நிம்மதியடைவார். நிம்மதி வேறு, ஊக்கம் வேறு.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் சொன்னதும் இதுதான். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசிப் பார்த்தார். எரிச்சலூட்டியவை பெரும்பாலும் நிர்வாக விதிகள், மேற்பார்வை, பணிச்சூழல். உற்சாகம் தந்தவை சாதித்த திருப்தி, பாராட்டு, பொறுப்பு. சம்பளத்தையும் எரிச்சல் பக்கமே வைத்தார். அது மட்டும் எனக்கு முழுச் சம்மதமில்லை. கைக்கும் வாய்க்கும் எட்டாத சம்பளக்காரருக்குப் பணம் பெரிய விஷயம்தான்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருந்தபோது, ஷெட்டில் வெக்கை தாங்கவில்லை என்று எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினோம். புகார் நின்றது, ஆனால் ரிஜெக்‌ஷன், அதாவது அளவு தப்பி ஒதுக்கப்படும் பீஸ், குறையவில்லை. அப்புறம் லேத் ஓட்டும் ஒரு அண்ணன், "அளவை நானே பார்த்துக்கறேன் சார், மைக்ரோமீட்டரை என்கிட்ட குடுங்க" என்றார். கொடுத்தோம். தினமும் அதைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அவர் மெஷினில் தப்புப் பீஸ் வருவது அபூர்வமானது.

இன்னொரு தவறு, எல்லாவற்றுக்கும் இன்சென்டிவ் வைப்பது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் கல்லூரி மாணவர்களிடம் புதிர்க்கட்டைகளைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு மட்டும், இடையில் ஒருமுறை, புதிருக்கு ஒரு டாலர் தந்தார். பணம் நின்றபின், சும்மா இருக்கும் நேரத்தில் அவர்கள் கட்டைகளைத் தொடுவது குறைந்தது. விரும்பிச் செய்கிற வேலைக்கு விலை ஒட்டும் முன் யோசியுங்கள்.

எனக்கு மிகவும் வலிப்பது இதற்கு நேரெதிரான தவறு: அடிப்படை வசதியைத் தராமல் பாராட்டை மட்டும் தருவது. நாள் முழுக்க நின்றே சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்த வேண்டியிருந்தது. கால் வீங்கி நிற்கிறவரின் படத்தை 'இம்மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று சுவரில் மாட்டினால் அவருக்கு என்ன தோன்றும்? முதலில் ஒரு ஸ்டூல் போடுங்கள்.