கூரியர் பெட்டியை வாங்கும் முன் டேப்பால் அளந்து பாருங்கள்

ஆன்லைனில் பொருள் விற்பவர்கள், எடை போடுவதற்கு முன் பெட்டியின் வெளிப்புறத்தை அளந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. பெரும்பாலான கூரியர்களில் இதற்கும் தராசு எடைக்கும் எது அதிகமோ, அதற்குத்தான் பணம்.

ஒரு கிலோ முறுக்கை 30×25×20 பெட்டியில் அனுப்பினால் 3 கிலோவுக்குக் கட்டணம். 25×20×15 பெட்டி என்றால் 1.5 கிலோதான். மீதி காற்றுக்குக் கொடுத்த காசு! பழைய பெட்டி இலவசமாகக் கிடைத்தாலும் பெரிதாக இருந்தால் நஷ்டமே. ஒட்டிய பின் பக்கங்கள் உப்பினால் அந்த அளவும் கணக்கில் சேரும்.

ஊறுகாய், பித்தளை விளக்கு போன்ற கனமான சரக்குக்கு இதனால் பெரிய லாபமில்லை. நொறுங்கும் பொருளுக்குச் சுற்றிலும் இடம் விட்டே ஆக வேண்டும். வகுக்கும் எண் 5000தானா என்று உங்கள் கூரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.